கல்லும் கல்பும்



அண்ணாகிராமம் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கல் என்பது விலை கொடுத்து வாங்கும் பொருள். வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம். இரண்டு ஆறுகளும் கொண்டுவந்து போட்ட மண்ணில் கரும்பும் நெல்லும் போடுகிறோம். வீட்டுக்கு அஸ்திவாரம் போட வேண்டுமா? திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து லாரி வரவேண்டும். நிலத்துக்கு எல்லைக்கல் நட வேண்டுமா? அதுவும் மேற்கேயிருந்து வரவேண்டும். மண்வெட்டியால் எவ்வளவு ஆழம் வெட்டினாலும் நம் கொல்லையில் ஒரு கருங்கல் தட்டுப்படாது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் காலடியில் கிடக்கும் இந்த மண் எங்கிருந்து வந்தது? தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் என்று பாறை பூமியெல்லாம் கடந்துதான் நம்மிடம் வருகிறது. அந்தப் பாறைகள்தாம் இந்த மண். ஒரு காலத்தில் மலையாக நின்றது இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் அள்ளி விளையாடும் மணலாகக் கிடக்கிறது. நாம் கல் இல்லாத ஊர்க்காரர்கள் அல்லர். உடைந்த கல்லின் மேல் குடியிருப்பவர்கள்.

கல் எப்படி உடைகிறது? இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் 'வானிலைச் சிதைவு' என்று படிக்கிறார்கள். பெரியவர்களாகிய நாம் மறந்துவிட்டோம். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

செஞ்சிக்குப் போனவர்கள் கண்ணால் கண்டிருப்பீர்கள். அங்குள்ள குன்றுகள் ஒரே பாறையாக இல்லை. பெரிய பெரிய உருண்டைகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். யாரும் அடுக்கவில்லை. பூமிக்குள் ஆழத்தில், மேலிருந்த பாரத்தின் அழுத்தத்தில் உருவான பாறை அது. மேலே கிடந்தது அரித்துப் போகப் போக, பாரம் குறைந்து, பாறை விரிந்து, நெடுக்கும் குறுக்கும் வெடிப்பு விட்டது. வெடிப்புக்குள் மழைநீர் இறங்கியது. மூலைகளும் விளிம்புகளும் முதலில் கரைந்தன. நடுப்பகுதி உருண்டையாக நின்றது. பகலில் வெயிலில் காய்ந்து, இரவில் குளிர்ந்து, மழையில் நனைந்து, மேல்தோல் வெங்காயச் சருகு போல் ஏடு ஏடாக உரிகிறது.

இது வெளியிலிருந்து வரும் உடைவு. உள்ளிருந்து வரும் உடைவு ஒன்று உண்டு. அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியமாகத் தோன்றுகிறது. மழைத்துளி வானத்திலிருந்து இறங்கி வரும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வருகிறது. அதனால் அது மிக மிக லேசான ஓர் அமிலமாகிவிடுகிறது. நாக்கில் பட்டால் புளிக்காது. கையில் பட்டால் சுடாது. சோடா பாட்டிலில் இருப்பதை விடப் பன்மடங்கு லேசானது. அந்தத் தண்ணீர் கருங்கல்லுக்குள் புகுந்து என்ன செய்கிறது தெரியுமா? கருங்கல்லில் மூன்று முக்கியமான பொருள்கள் உண்டு: குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா. இவற்றில் ஃபெல்ட்ஸ்பாரை அந்தத் தண்ணீர் மெல்ல மெல்ல வெள்ளைக் களிமண்ணாக மாற்றிவிடுகிறது. இரும்புச் சத்துள்ள தாதுக்கள் துருப்பிடித்துச் சிவக்கின்றன. குவார்ட்ஸ் மட்டும் கரைய மறுத்து மணலாக உதிர்கிறது. சிற்பியின் உளி முனை மழுங்கும் அளவுக்குக் கெட்டியான கல், நாம் குடிக்கும் மழைத்தண்ணீருக்குத் தோற்றுவிடுகிறது. ஒரு நாளில் அல்ல. ஒரு சென்டிமீட்டர் மண் உண்டாக நூறு ஆண்டு முதல் ஆயிரம் ஆண்டு வரைகூட ஆகலாம்.

மரத்தின் வேரும் கல்லை உடைக்கும். பழைய கல்தச்சர்கள் பாறையில் வரிசையாகக் குழி அடித்து, காய்ந்த மரஆப்பை இறுக்கி, தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். ஆப்பு ஊறிப் பருக்கும்போது பாறை பிளந்துவிடும். சம்மட்டி செய்யாததை ஒரு குடம் தண்ணீர் செய்துவிடும். கடலோர ஊர்களில் உப்பு இந்த வேலையைச் செய்கிறது. உப்புக் காற்றின் ஈரம் கல்லின் நுண்துளைகளுக்குள் போய்க் காயும்போது உப்புப் படிகம் வளர்ந்து, கல்லை உள்ளிருந்தே நெம்புகிறது. பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களில் பழைய கப்ருகளின் மீஸான் கற்களைப் பார்த்து, எழுத்துகள் ஏன் உதிர்ந்தன என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம். நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர் உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களின் தலைமாட்டில் அடையாளத்துக்காக ஒரு கல்லை வைத்ததாக அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. வெறும் கல், அதில் எழுத்து எதுவும் இல்லை.

சகோதரர்களே! இப்போது திருக்குர்ஆனுக்கு வருவோம். அல்பகரா அத்தியாயத்தின் 74-ஆவது வசனத்தை அடிக்கடி ஓதுகிறோம். பனூ இஸ்ராயீல்களில் ஒரு கொலை நடந்து, அதை ஒருவர் மேல் ஒருவர் போட்டு மறைத்தார்கள். அல்லாஹ் அதை வெளியாக்கிக் காட்டிய பிறகும் அவர்களுடைய உள்ளங்கள் இறுகிவிட்டன. அந்த உள்ளங்களைக் கல்லுக்கு ஒப்பிட்ட அல்லாஹுத்தஆலா, அத்தோடு விடாமல் கல்லை விடவும் கடினமானவை என்கிறான். ஏன் அப்படி? கல்லுக்காவது மூன்று நிலைகள் உண்டு என்ற கருத்தில் வசனம் தொடர்கிறது. ஆறுகள் பொங்கி வரும் கற்கள் உண்டு. பிளந்து தண்ணீர் கசியும் கற்கள் உண்டு. இறையச்சத்தால் உருண்டு விழும் கற்களும் உண்டு.

விஞ்ஞானம் எதைக் கண்டுபிடித்தாலும் அது எங்கள் வேதத்தில் அன்றே இருக்கிறது என்று மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த வசனம் பாறையியல் பாடம் நடத்த இறங்கவில்லை. நம் கல்பைப் பற்றிப் பேச இறங்கியது. ஆனாலும் உவமை என்பது கண்ணால் கண்ட பொருளிலிருந்துதான் எடுக்கப்படும். அந்தப் பொருளை நன்றாகப் பார்த்தவனுக்கு உவமை இன்னும் நன்றாக உறைக்கும். அந்த மூன்று வகைக் கற்களும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன.

முதல் வகையைப் பார்க்க நெய்வேலிக்குப் போனால் போதும். கடலூரின் கேப்பர் மலையில் சிவப்பாக, ஓடை ஓடையாக அரித்துக் கிடக்கும் பாறை இருக்கிறதே, அதற்குக் 'கடலூர் மணற்கல்' என்றே உலகம் முழுவதும் பெயர். ஏதோ ஒரு காலத்து மலை உடைந்து மணலாகி, ஆறுகளால் இங்கே கொண்டுவரப்பட்டு, மறுபடியும் இறுகிக் கல்லாகி, இப்போது மறுபடியும் மண்ணாகிக்கொண்டிருக்கிறது. திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றன அல்லவா, சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை என்பார்கள், அவையும் இந்த மணற்கல்லைச் சேர்ந்தவைதாம். பண்ருட்டியின் முந்திரியும் பலாவும் இந்தச் சிவப்பு மண்ணின் பிள்ளைகள். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடப்பதும் இந்த மணற்கல் வகையே. நிலக்கரிக்குக் கீழேயுள்ள மணல் அடுக்கில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அந்தத் தண்ணீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நடக்கும். இல்லையென்றால் அடியிலிருந்து தண்ணீர் உந்திக்கொண்டு வந்து தளத்தைப் பிளந்துவிடும். கல்லுக்குள் ஆறு இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு சாட்சி வேண்டுமா?

இரண்டாம் வகை மேற்கே உள்ளது. திருவண்ணாமலை, செஞ்சிப் பக்கத்துக் கிணறுகளைப் பாருங்கள். சுற்றிலும் கருங்கல். கல்லில் ஈரமே கிடையாது. ஆனால் வெடிப்பில் தண்ணீர் ஓடுகிறது. கிணறு வெட்டுகிறவன் வெடிப்பைத்தான் தேடுகிறான். வெடிப்பு இல்லாத பாறையில் நூறு அடி இறங்கினாலும் தூசிதான். அங்கே உடையாத கல்லுக்கு மதிப்பில்லை.

மூன்றாம் வகையைச் சொல்ல மனம் தயங்குகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1 மாலை, விடாத மழையில், திருவண்ணாமலையில் மலைச்சரிவு நெகிழ்ந்து, மண்ணும் பாறையும் ஒரு வீட்டின் மேல் இறங்கின. 7 உயிர்கள் போயின. அவர்களில் 5 பேர் குழந்தைகள். எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாகச் சிதைந்து, பாறைக்கு மேல் மண்ணாகவும் உருண்டைகளாகவும் தங்கியிருந்தவை, தண்ணீர் ஊறிப் பிடிப்பு விட்டதும் வந்துவிட்டன. அது இன்னாருக்கு வந்த தண்டனை என்று சொல்ல நம்மில் எவருக்கும் உரிமை இல்லை. அப்படிப் பேசியவர்களை நான் கேட்டேன், வெட்கமாக இருந்தது. வசனம் விழுகின்ற கல்லைப் புகழ்கிறது. விழுந்த இடத்தில் இருந்தவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இடிபாட்டில் சிக்கி இறக்கும் முஃமினை ஷஹீதுகளின் வரிசையில் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியிருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த இரவுதான் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை கரைகொள்ளாமல் நம் பக்கம் வந்தது. இங்கிருந்துதான் என் சொந்தக் கதை ஆரம்பம். மற்றவர்களுக்குப் பயான் செய்கிறவன் தன் கதையை மறைத்தால் அது நியாயமாகாது.

எனக்கும் என் அண்ணனுக்கும் ஆற்றோரத்தில் அத்தா விட்டுப்போன நிலம் அடுத்தடுத்து இருக்கிறது. நடுவில் ஒரு வரப்பு. வரப்பில் மூன்று எல்லைக்கற்கள். 2013-இல் ஒரு கல் சாய்ந்தது. தானாகச் சாய்ந்ததா, டிராக்டர் இடித்ததா, யாராவது சாய்த்தார்களா, அல்லாஹ் அறிவான். நிமிர்த்தி நட்டபோது வரப்பு என் பக்கம் நகர்ந்துவிட்டது என்று நான் சொன்னேன்; இல்லை என்று அண்ணன் சொன்னார். பிரச்சினைக்குரிய இடம் ஒன்றரை சென்ட். பூமியின் எல்லைக்குறியை மாற்றுகிறவனை அல்லாஹ் சபிப்பதாக முஸ்லிம் கிரந்தத்தில் வந்துள்ள ஹதீஸை நான் தெருவில் நின்று உரக்கச் சொன்னேன். ஹதீஸ் உண்மை. ஆனால் அதை நான் கல்லாக எடுத்து எறிந்தேன்.

அதோடு நின்றேனா? அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நான் கொடுத்த பணத்தையும் அன்று சொல்லிக் காட்டினேன். நாலு பேர் கேட்க. அதே அல்பகராவில் 264-ஆவது வசனம் இருக்கிறது. கொடுத்ததைச் சொல்லிக் காட்டி, மனத்தைப் புண்படுத்தித் தர்மத்தைப் பாழாக்கிக்கொள்வது பற்றியது. அங்கேயும் உவமை கல்தான்: வழுக்குப் பாறை ஒன்று, அதன் மேல் கொஞ்சம் மண், பெருமழை வந்து அந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு போய், பாறை மொட்டையாக நிற்கிறது. மேலே மண் இருந்தவரை அது விளைநிலம் போலத்தான் தோன்றியது. மண் தன் பாறையிலிருந்து விளைந்ததாக இருந்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கிருந்தோ வந்து படிந்த தூசி ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. என் தர்மம் அந்தத் தூசியாக இருந்தது.

பதினோரு ஆண்டுகள். ஒரே தெரு, ஒரே பள்ளிவாசல், ஒரே ஸஃப்பில்கூட நின்றிருக்கிறோம். ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருப்பது ஆகாது, ஸலாமை முந்துகிறவரே இருவரில் சிறந்தவர் என்று எத்தனை ஜும்ஆக்களில் நான் பேசியிருப்பேன்! அவரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஸலாமை முந்த வேண்டியவர் அவர்தான் என்று நானும், நான்தான் என்று அவரும்.

வெள்ளம் வடிந்த பிறகு நிலத்தைப் பார்க்கப் போனேன். வரப்பு இல்லை. கல் இல்லை. நீர் அடித்துக்கொண்டு வந்த மணலும் வண்டலும் இரண்டு நிலத்தையும் ஒரே விரிப்பாக மூடிவிட்டன. அண்ணனும் வந்திருந்தார். அவர் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். எது யார் பக்கம் என்று இருவருக்கும் தெரியவில்லை. பேசாமலே திரும்பிவிட்டோம். கல்லைவிடக் கடினம் என்றால் இதுதான், சகோதரர்களே.

மாதக் கடைசியில் அண்ணனுக்குக் காய்ச்சலும் நெஞ்சுச் சளியும். தண்ணீர் உடம்பில் படக்கூடாது, வெந்நீர்கூட வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். ஒரு நாள் லுஹருக்குப் பிறகு அவருடைய பேரன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"தாத்தா ஒரு மஸ்அலா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. தயம்மும் செய்ய மண்தான் வேணுமா, கட்டில்கிட்ட இருக்கிற கருங்கல் பலகையிலேயே அடிச்சுக்கலாமான்னு."

மஸ்அலாவை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பலருக்கும் இதில் குழப்பம் இருக்கிறது. நோயால் தண்ணீர் கேடு செய்யும் என்று நம்பத்தகுந்த மருத்துவர் சொன்னால் தயம்மும் ஆகும். இரண்டு அடி: ஒன்று முகத்துக்கு, ஒன்று முழங்கை உட்பட இரு கைகளுக்கு. எதில் அடிப்பது என்பதில்தான் வேறுபாடு. நம் ஹனஃபி மத்ஹபில் பூமியின் இனத்தைச் சேர்ந்த எதுவும் ஆகும்: மண், மணல், கல், பாறை. கல்லின் மேல் தூசி இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. எரிந்து சாம்பலாகும் மரத்திலும், உருகும் உலோகத்திலும் கூடாது. ஷாஃபி மத்ஹபில் கல் போதாது. கையில் ஒட்டும் தூசியுள்ள மண் வேண்டும். மணலிலும் தூசி இருந்தால்தான் ஆகும். கழுவிக் கிடக்கும் கடற்கரை மணலில் ஆகாது. ஷாஃபிகள் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் புதிதாகச் செய்ய வேண்டும். நமக்கு அது முறியும்வரை ஒன்றே போதும். இன்னொன்று: அசுத்தம் பட்டுக் காய்ந்துபோன தரையில் தொழலாம், ஆனால் அந்த மண்ணில் தயம்மும் ஆகாது. வெள்ளம் வந்த ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"கல்லே போதும்னு சொல்லு" என்றேன். பையன் ஓடினான்.

அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லே போதும் என்று என் வாயால் சொல்லிவிட்டேன். மஸ்அலா சரி. ஆனால் அந்தச் சொல் என்னை உட்கார விடவில்லை. ஆதம் (அலை) அவர்களைப் படைக்கப் பூமியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரு பிடி எடுக்கப்பட்டது, அதனால்தான் மனிதர்களில் வெள்ளையும் சிவப்பும் கறுப்பும், இளகியவரும் கடினமானவரும் உண்டானார்கள் என்று திர்மிதியில் வரும் ஹதீஸ் நினைவுக்கு வந்தது. எங்கள் இருவரையும் ஒரே வயிறு சுமந்தது; இருவருக்கும் கடினமான பக்கத்துப் பிடியே வாய்த்துவிட்டதோ?

ஒரு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு ஆற்றோர நிலத்துக்குப் போனேன். மேலே கிடந்த சேற்றுப் பொருக்கை ஒதுக்கிவிட்டு, அடியில் சுத்தமாக இருந்த மணலும் வண்டலுமாக இரண்டு பிடி அள்ளினேன். கையில் மினுமினுவென்று மைக்காத் துகள்கள் ஒட்டின. கிருஷ்ணகிரிக்கு அப்பால் எந்த மலையிலோ இருந்தவை. வரப்பு எங்கே இருந்திருக்கும் என்று குத்துமதிப்பாகப் பார்த்து, அந்த இடத்தில்தான் அள்ளினேன்.

அண்ணன் வீட்டு வாசலில் ஸலாம் சொன்னேன். உள்ளிருந்து பதில் வர நேரமாயிற்று. வந்தது.

தாம்பாளத்தைக் கட்டிலில் வைத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லே போதும்னு சொல்லி அனுப்பினியே?"

"போதும்தான். மண் இருந்தால் எல்லா இமாம்களுக்கும் ஒத்துப்போகும்."

"எந்த இடத்து மண்?"

"வரப்பு இருந்த இடம்."

"யார் பக்கம்?"

"தெரியலண்ணே. கல்லே காணோமே."

கல்யாணப் பணத்தைச் சொல்லிக் காட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்க நாக்கு எழவில்லை. இரண்டு முறை தொண்டை அடைத்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் மண்ணில் அடித்து, தட்டிவிட்டு, முகத்தில் தடவினார். மறுபடி அடித்து முழங்கை வரை தடவினார். இடது கை நடுங்கியது. நான் பிடித்துக்கொண்டேன். பள்ளியில் அஸருக்கு பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள்.